பக்கம் நாற்பத்தொன்றில் ஒரு மைனஸ்

ஜனவரி 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் உன் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறோம். அவருக்கு மட்டும் கழுத்துப் பிடித்துக்கொண்டு, யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்புகிறார். நீ எப்படி இருக்கிறாய்? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

போன் கெட்டுவிட்டது, இனிக் கடிதம் எழுது என்று இரண்டே வரியில் எழுதியிருந்தாய். அச்சகத்தில் பதினெட்டு வருஷமாக அடுத்தவர் எழுத்தில் பிழை திருத்துகிறவனுக்குச் சொந்த எழுத்து இரண்டு வரிதான் வரும்போல. எனக்கு இது வசதிதான். என்னதான் ஆராய்ச்சி பண்ணுகிறாய் என்று போனில் கேட்பாய். நான் வாயைத் திறந்ததும் "சரி சரி, சாப்ட்டியா?" என்று பேச்சை மாற்றுவாய். கடிதத்தில் அப்படித் தப்ப முடியாது.

நான் வேலை செய்யும் அறையில் குடுவை கிடையாது, அடுப்பு கிடையாது, வாடை கிடையாது. ஆறு கம்ப்யூட்டர்கள். அவை சூடாகக் கூடாது என்பதற்காக நாங்கள் நாலு பேர் சால்வை போர்த்திக்கொண்டு நடுங்குகிறோம். காசநோய்க்குக் கொடுக்கிற பழைய மருந்து ஒன்று இருக்கிறது. மொத்தம் பதினேழே அணுக்கள். அவை எங்கெங்கே நிற்கின்றன, சுற்றிலும் எலக்ட்ரான்கள் எங்கே அடர்த்தி, எங்கே லேசு என்று குவாண்டம் கணக்குப் போட்டுப் பார்ப்பது என் வேலை. அது தெரிந்தால் மருந்தின் எந்த முனை வேலை செய்கிறது, எந்த முனை வம்பு செய்கிறது என்று ஊகிக்கலாம். பிறகு அதோடு இன்னும் சில அணுக்களைச் சேர்த்து ஒரு வழிப்பொருள், அதாவது அந்த மருந்துக்குப் பிறந்த பிள்ளை மாதிரி ஒன்று. அதையும் அதே கணக்கில் போடுகிறேன். அப்பனைவிடப் பிள்ளை தேவலையா? இதுதான் என் நாலு வருஷக் கேள்வி.

மே மாதம் ஒரு பெரிய மாநாடு. அதற்குள் முடிக்க வேண்டும். நீ போன மாதமே வருகிறேன் என்றாய், வரவில்லை. எப்போது வருகிறாய்?

உன் தங்கை,
கொசு


பிப்ரவரி 2

அன்புள்ள கொசுவுக்கு,

உன் கடிதம் வந்தது. நான் நன்றாக இருக்கிறேன். மாப்பிள்ளையின் கழுத்து நேராகிவிட்டதா? தலையணையை எடுத்துவிட்டுப் படுக்கச் சொல்.

பால் பொங்கி வழிவதைப் பக்கத்திலேயே நின்றுகொண்டு பார்க்கத் தவறுகிறவள் எலக்ட்ரானைக் கவனிக்கிறாய் என்றால் உலகம் முன்னேறிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். இருந்தாலும் உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஐசோநியாசிட் அவ்வளவு சின்னதா? பதினேழே அணுவா உள்ளே போய் இத்தனை ஆட்டம் போடுகிறது? அந்த வம்பு செய்கிற முனை எது, என்ன வம்பு செய்யும் என்று விவரமாக எழுது.

எனக்கு இப்போது வேலையெல்லாம் அறையிலேயே. பள்ளிப் புத்தகங்கள் மொத்தமாக வந்திருக்கின்றன. அமைதியாக இருந்து பார்க்கிறேன் என்று முதலாளியிடம் நானே கேட்டுக்கொண்டேன். ப்ரூஃப் கட்டுகளை அறைக்கே அனுப்பிவிடுகிறார். அதனால் இப்போதைக்கு வர முடியாது. கோபித்துக்கொள்ளாதே. உன் ஆராய்ச்சியை அனுப்பு, எழுத்துப்பிழை பார்த்துத் தருகிறேன். பொழுது போக வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்


பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

கழுத்து சரியாகிவிட்டது. தலையணை வைத்தியம் பலித்தது என்று உன் மாப்பிள்ளை சொல்லச் சொன்னார். நீ சுகம்தானே?

என் வேலையைப் பற்றி நீ முழுக் கேள்வி கேட்டது இதுதான் முதல் தடவை. ஆகவே மூன்றாம் அத்தியாயத்தை அப்படியே அனுப்பிவிட்டேன், அறுபது பக்கம். அனுபவி.

வம்பு முனை என்பது இரண்டு நைட்ரஜன் சேர்ந்து நிற்கும் வால் பகுதி. நம் கல்லீரல் அதைப் பிடித்து ஒரு சின்னத் துண்டை ஒட்டிவிடும். ஒட்டியதும் மருந்து சோம்பேறியாகிவிடும். சிலர் உடம்பில் இது வேகமாக நடக்கும், மருந்து போதாது. சிலர் உடம்பில் மெதுவாக நடக்கும், மருந்து தேங்கித் தொந்தரவு செய்யும். நான் அந்த வாலுக்கு முன்கூட்டியே ஒரு வளையத்தை மாட்டி மூடிவிட்டேன். இப்போது இருபத்தெட்டு அணு. கணக்குப்படி பிள்ளை அப்பனைவிடக் கெட்டிக்காரன். எலக்ட்ரானை இன்னும் எளிதாகக் கொடுக்கிறான். பேராசிரியருக்கு ஒரே சந்தோஷம். அவர் மேசையில் இருந்த பிஸ்கட் டப்பாவை முதல்முறையாக எங்கள் பக்கம் தள்ளினார். மாநாட்டுக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்பியாயிற்று.

இதை மருந்தாக யாரும் நாளைக்கே விழுங்கப்போவதில்லை. கணக்கு சரியாக இருந்தால் இன்னொரு ஆய்வகத்தில் உண்மையாகவே தயாரித்துப் பார்ப்பார்கள். அவ்வளவுதான். எனக்கு அதுவே பெரிசு.

கொசு


மார்ச் 10

அன்புள்ள கொசுவுக்கு,

இங்கு நான் சௌக்கியம். எடைகூட இரண்டு கிலோ ஏறியிருக்கிறது.

அறுபது பக்கத்தில் நூற்றுப் பதினான்கு பிழைகள். ஒற்று உனக்கு ஜென்ம விரோதி. எல்லாம் பென்சிலில் குறித்திருக்கிறேன். ஒரு இடத்தில் மட்டும் பிழையா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. பக்கம் 41. வழிப்பொருளின் அதிர்வுகள் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறாய். எழுபத்தெட்டு எண்கள். அதில் முதல் எண்ணுக்கு மட்டும் முன்னால் ஒரு சின்னக் கோடு, மைனஸ் முப்பத்தெட்டு. மற்ற எழுபத்தேழுக்கும் கோடு இல்லை. தட்டச்சில் விழுந்த தூசியா, உண்மையிலேயே உள்ள கோடா? பார்த்துச் சொல்.

இன்னொன்று. அச்சகத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் அந்த மாத்திரை சாப்பிடுகிறார். உள்ளங்காலில் எறும்பு ஊர்வது மாதிரி இருக்கிறதாம். செருப்பு கழன்றுபோனதே தெரியவில்லை என்கிறார். அந்த மருந்து அப்படியெல்லாம் செய்யுமா? அவர் கேட்டார்.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். அவசரமாக எழுதுகிறேன்.

உன் நண்பருக்கு முதலில். ஆமாம், செய்யும். அந்த மருந்து உடம்பில் இருக்கிற பி6 வைட்டமினைக் குறைத்துவிடும், அதனால் கால் மரத்துப்போகும். தெரிந்த விஷயம்தான், பயப்பட ஒன்றும் இல்லை. மருந்து கொடுக்கும் இடத்தில் சொன்னால் வைட்டமின் மாத்திரை கூடவே கொடுப்பார்கள். ஆனால் எக்காரணம் கொண்டும் அவராக நிறுத்தக் கூடாது. அதை அழுத்திச் சொல். யார் அது, எனக்குத் தெரிந்தவரா?

அந்த மைனஸ் அச்சுப்பிழை இல்லை. ரொம்பச் சின்ன எண்தான், கணக்கில் எப்போதாவது அப்படி வரும். அதை விடு.

ஒற்றுப்பிழைகளுக்கு நன்றி. நூற்றுப் பதினான்கு என்று எண்ணிச் சொன்னதற்கு நன்றி இல்லை.

கொசு


ஏப்ரல் 17

அன்புள்ள கொசுவுக்கு,

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. வேலை அதிகம். நான் நன்றாகவே இருக்கிறேன், நீயும் மாப்பிள்ளையும் நலம் என்று நினைக்கிறேன்.

அந்த நண்பர் மாத்திரையை நிறுத்திவிட்டார். இருமல் போய்விட்டது, பசி எடுக்கிறது, நல்ல தூக்கம். காலிலும் ஊறல் குறைந்திருக்கிறது. ஆள் தேறிவிட்டபிறகு எதற்கு அத்தனை மாத்திரை என்கிறார். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது.

உன் மாநாட்டுக்கு இன்னும் ஒரு மாதம்தானே. நன்றாகச் செய்.

அண்ணன்


ஏப்ரல் 20

அண்ணா,

நலம் விசாரிக்க இந்த முறை எனக்குத் தைரியம் இல்லை. அந்த நண்பர் நீதான்.

என் முதல் கடிதத்தை எப்படி எழுதினேன் என்று நன்றாக நினைவிருக்கிறது. அதில் மருந்தின் பெயரே இல்லை. பெயர் சொன்னால் நீ ஓடிவிடுவாய் என்று வேண்டுமென்றேதான் விட்டேன். நீ பதிலில் ஐசோநியாசிட் என்று ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தாய். எங்கள் துறையிலேயே பாதிப் பேருக்கு அது சரியாக எழுத வராது. மாத்திரை அட்டையைக் கையில் வைத்துப் படிக்கிறவனுக்குத்தான் வரும். அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். என் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன். போன் கெட்டது, வீட்டுக்கு வராதது, அறையிலேயே வேலை, எல்லாவற்றையும் நேற்று வரிசையாக அடுக்கிப் பார்த்தேன்.

உன்னைத் திட்டுவதற்கு உட்கார்ந்தேன். அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. பக்கம் 41 பற்றி நான் உன்னிடம் பொய் சொன்னேன்.

ஒரு மூலக்கூறு நிஜமாகவே தன் இடத்தில் நிலைத்திருந்தால் அதன் எழுபத்தெட்டு அதிர்வும் மைனஸ் இல்லாமல் வர வேண்டும். ஒன்று மைனஸ் என்றால் அது பள்ளத்தில் உட்காரவில்லை, மேட்டில் நிற்கிறது என்று அர்த்தம். லேசாகத் தட்டினால் வேறு வடிவத்துக்குச் சரிந்துவிடும். மூலக்கூறு தட்டையாக இருந்தால் கணக்கு சீக்கிரம் முடியும் என்று நான்தான் அதைத் தட்டையாகவே பிடித்து வைத்திருந்தேன். விடை அழகாக வந்ததும் அங்கேயே நிறுத்திவிட்டேன். அந்த எண் என் கண்ணில் படவே இல்லை. நீ கேட்டபிறகு பட்டது. பட்டும், "அதை விடு" என்று எழுதினேன். மாநாட்டுக்குச் சுருக்கம் போய்விட்டதே, பேராசிரியர் சந்தோஷப்பட்டாரே என்று.

பார்க்க நன்றாக இருக்கிறது என்று நான் கணக்கைப் பாதியில் நிறுத்தினேன். நீ மாத்திரையை நிறுத்தினாய். என் தப்பால் ஒரு கட்டுரை கெடும். உன் தப்பு அப்படி இல்லை அண்ணா. பாதியில் விட்டால் மிச்சமிருக்கிற கிருமி அந்த மருந்துக்கே பழகிக்கொள்ளும். அப்புறம் நான் படிக்கிற எந்த மருந்தும் உனக்கு உதவாது.

திங்கட்கிழமை காலை நான் பேராசிரியரிடம் போய்ச் சொல்லிவிடுவேன். அதற்குள் இது உன் கையில் கிடைத்துவிடும். நீ ஆஸ்பத்திரிக்குப் போ. பத்து நாளில் பதில் வராவிட்டால் நானும் உன் மாப்பிள்ளையும் வந்து உன் வாசலில் நிற்போம்.

உன் கொசு


ஏப்ரல் 28

அன்புள்ள கொசுவுக்கு,

போனேன். நீ முதலில் படிக்க வேண்டியது அதுதான் என்பதால் முதல் வரியிலேயே எழுதுகிறேன்.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. படித்துவிட்டுக் கோபம்தான் வந்தது. என் எழுத்துச் சுத்தமே என்னைக் காட்டிக்கொடுத்ததே என்று. அப்படியே மடித்து வைத்துவிட்டுப் பள்ளிப் புத்தகத்தை எடுத்தேன். ஒரு பக்கத்தை நாலு தடவை படித்தும் ஒன்றும் ஏறவில்லை. திங்கட்கிழமை நீ உன் பேராசிரியர் அறைக்கு வெளியே நிற்பாய் என்ற நினைப்பு மட்டும் இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மாத்திரை கொடுக்கும் சிஸ்டருக்கு என்னை நினைவிருந்தது. என் சிகிச்சை அட்டையைப் புரட்டி விரல்விட்டு எண்ணி, விட்டது இருபத்தேழு நாள் என்றார். நல்லாயிட்டேன்னு நினைச்சேன் சிஸ்டர் என்றேன். அவர் சத்தம் போடவில்லை. "நல்லாயிட்டீங்கன்னு யாரு சொன்னது? நீங்களா, ரிப்போர்ட்டா?" என்று கேட்டார். கால் மரத்ததை ஏன் சொல்லவில்லை என்று கேட்டு, ஒரு சின்ன வைட்டமின் மாத்திரையை எடுத்து வைத்தார். இவ்வளவு சின்ன மாத்திரையில் தீர்கிற விஷயத்துக்காகவா இத்தனை நாள் பயந்தேன் என்று வெட்கமாகிவிட்டது.

அன்றே மறுபடி மாத்திரையைத் தொடங்கிவிட்டார்கள். சளியைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். கிருமி மருந்துக்குப் பழகிவிட்டதா என்று முழுதாகத் தெரிய ஆறு வாரம் ஆகுமாம்.

போன் கெடவில்லை. பேசினால் இருமல் கேட்கும் என்றுதான் அணைத்து வைத்தேன். உனக்குத் தெரிந்தால் படிப்பை விட்டுவிட்டு ஓடி வருவாய். வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் அறையைக் காலி செய்யச் சொல்வார். அச்சகத்தில் தெரிந்தால் என் டீ டம்ளரைத் தனியாக வைப்பார்கள். முதலாளிக்கு மட்டும் தெரியும். இதெல்லாம் சேர்ந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. சளி தேவலை என்று சில நாள் தோன்றும்.

உன் பேராசிரியர் என்ன சொன்னார்?

அண்ணன்


மே 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

முதல் வரியைப் படித்ததும் மிச்சத்தை வைத்துவிட்டு ஒரு பாட்டம் அழுதேன். உன் மாப்பிள்ளை பயந்து தண்ணீர் கொண்டுவந்தார். இப்போது கால் எப்படி இருக்கிறது?

பேராசிரியரிடம் பட்டியலைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"மார்ச்சுலயே தெரியும் சார்."

திட்டுவார், அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். "நானும்தான் கையெழுத்துப் போட்டேன், நானும்தான் பாக்கல. மாநாட்டுக்கு வரலைன்னு நானே எழுதறேன். நீ போய் கம்ப்யூட்டரைப் போடு" என்றார். யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். அச்சகத்தில் ப்ரூஃப் பார்க்கும் என் அண்ணன் என்றேன். நம்பவில்லை. பிஸ்கட் டப்பா பழைய இடத்துக்கே போய்விட்டது.

தட்டையாகப் பிடித்து வைத்திருந்த கட்டுப்பாட்டை எடுத்துவிட்டுக் கணக்கை ஓடவிட்டேன். ஒன்பது நாள் ஓடியது. மாட்டிய வளையம் மெல்லத் திரும்பி ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. எழுபத்தெட்டில் ஒன்றுகூட மைனஸ் இல்லை. ஆனால் நான் பீற்றிக்கொண்ட கெட்டிக்காரத்தனத்தில் கால்வாசிதான் மிச்சம். பிள்ளை அப்பனைவிட ஏதோ கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். மாநாடு போயிற்று. ஆனால் மார்ச் மாதத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கியதே இல்லை என்பது இப்போது இரண்டாம் முறை போட்டுச் சாப்பிடும்போதுதான் தெரிகிறது.

உன் சோதனை முடிவு வரும்வரை நாள் எண்ணிக்கொண்டிருப்பேன்.

கொசு


ஜூன் 8

அன்புள்ள கொசுவுக்கு,

சோதனை முடிவு வந்துவிட்டது. கிருமி இல்லை. வளர்த்துப் பார்க்க வைத்ததிலும் ஒன்றும் முளைக்கவில்லை. அதே மாத்திரை போதும். விட்ட நாட்களைச் சேர்த்து, அதற்கு மேல் ஒரு மாதம் தொடரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். காகிதத்தை வாங்கி, பழக்கதோஷத்தில் எழுத்துப்பிழை பார்த்தேன். இரண்டு இருந்தன. திருத்தத் தோன்றவில்லை.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தேன். என் பஸ் மூன்று போயிற்று. ஏறவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பது அவ்வளவு சுகமாக இருந்தது.

கால் மரப்பு பெருமளவு போய்விட்டது. நாளை முதல் அச்சகத்துக்கே போய் வேலை செய்யப்போகிறேன். என்னால் யாருக்கும் ஒட்டாது என்று சிஸ்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார். அங்கே யாரிடமும் எதுவும் சொல்வதாக இல்லை. அதற்கு மட்டும் என்னை வற்புறுத்தாதே. மாப்பிள்ளைக்கு என் அன்பு.

அண்ணன்


செப்டம்பர் 7

அன்புள்ள கொசுவுக்கு,

உடம்பு கல் மாதிரி இருக்கிறது. உன் ஆய்வேடு ஏற்கப்பட்டது என்று மாப்பிள்ளை போனில் சொன்னார். சின்ன முடிவு, ஆனால் சரியான முடிவு என்று பேராசிரியர் எழுதிக்கொடுத்ததையும் வாசித்துக் காட்டினார். இதைப் போனிலேயே உன்னிடம் பேசியிருக்கலாம். ஆனால் நேற்று நடந்ததை எழுதினால்தான் எனக்குத் திருப்தி.

நேற்றோடு மாத்திரை முடிந்தது. அட்டையைக் கொடுத்துக் கணக்கு முடிக்கப் போயிருந்தேன். நல்ல கூட்டம். எங்கள் அச்சகத்து பைண்டர் கண் வலி என்று வந்து, என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் அட்டையைச் சட்டைப் பைக்குள் தள்ளிவிட்டேன். காய்ச்சலா என்றார். ஆமாம் என்றேன்.

எதிர் பெஞ்சில் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், பஸ் கண்டக்டர் உடுப்பில் வந்திருந்தார். கையில் அதே அட்டை, புத்தம் புதிது. அதை எட்டாக மடித்து உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் இருந்தார். சிஸ்டர் அந்தப் பக்கம் வந்தபோது எழுந்து, "இது வெளிய யாருக்கும் தெரியவேண்டாம். ரெண்டு மாசம் சாப்ட்டா போதுமில்ல?" என்று கேட்டார். சிஸ்டரை யாரோ உள்ளே கூப்பிட்டார்கள், போய்விட்டார். அந்தப் பெண் நின்றபடியே இருந்தார்.

எனக்கு என்ன ஆயிற்றென்று தெரியவில்லை. அட்டையை வெளியே எடுத்துவிட்டேன்.

"எனக்கும் இதேதாம்மா. எட்டு மாசம். ரெண்டு மாசத்துல நல்லாயிட்ட மாதிரிதான் இருக்கும். நானும் நடுவுல விட்டுட்டு மறுபடி வந்து மாட்டினேன், அதான் ஆறு மாசம் எட்டாச்சு. நீங்க விட்டுடாதீங்க" என்றேன். சாதாரணக் குரலில்தான் சொன்னேன். பெஞ்சு முழுக்கக் கேட்டது.

பைண்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நகர்ந்து உட்காரப்போகிறார் என்று நினைத்தேன். "அதான் உன் ரூமுக்கே ப்ரூஃப் வந்துச்சா? உன்னை மேனேஜர் ஆக்கப்போறாங்கன்னு நாங்க அஞ்சு மாசமா வயிறெரிஞ்சோமே" என்றார். நான் சிரித்த சிரிப்பில் அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டார்.

பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மடித்த அட்டையைப் பிரித்து மடியில் வைத்து நீவிக்கொண்டே, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, டூட்டி காலை நாலரைக்கு என்றால் எப்போது போடுவது, பிள்ளைகளோடு படுக்கலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைச் சிஸ்டரிடம் கேட்கச் சொன்னேன்.

சிஸ்டர் என்னை மூன்று தடவை கூப்பிட்டாராம். எனக்குக் கேட்கவே இல்லை. பேசிக்கொண்டிருந்தேன்.

அன்புடன்,
அண்ணன்